ஹில்பை சொல்லாமல் விட்ட வரி

ஹில்பை வாரநாட்களில் கம்பளி சிக்கெடுப்பான். ஓய்வுநாளில் எங்கள் ஜெபக்கூடத்தில் வேதத்தைப் பெயர்த்துச் சொல்வான். வேதச் சுருளில் இருப்பதைப் பழைய மொழியில் ஒருவர் வாசிப்பார். எங்களில் பாதிப் பேருக்கு அது விளங்காது. ஒவ்வொரு வரி முடிந்ததும் ஹில்பை, சுருளைப் பார்க்காமல், எங்கள் பேச்சில் சொல்வான். இருபது வருடம் சொன்னான்.

அவன் மனைவி திம்னா ஏதோமியர் வம்சம். ஏதோம் என்றால் ஏசா. ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்கு மூத்தவனின் உரிமையைத் தம்பி யாக்கோபுக்கு விற்றவன். நாங்கள் யாக்கோபின் வழி. திம்னாவின் குடும்பம் அவள் தாத்தா காலத்திலேயே எங்கள் மார்க்கத்துக்கு வந்துவிட்டது. இருந்தும் பக்கத்து வீட்டு யோகானா கூழ் கொண்டுவரும்போதெல்லாம், "என்ன மூத்தவீட்டுக்காரி, இதுக்கு என்ன எழுதித் தரப்போறே?" என்பாள்.

"விக்கிறதுக்கு என்ன மிச்சம் வச்சீங்க?" என்று திம்னா கிண்ணத்தை வாங்கிக்கொள்வாள். இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு வந்து சேர திம்னாவுக்குப் பல வருடம் ஆனது.

ஏசாவை வெறுத்ததாகக் கடவுள் சொல்லும் பகுதி மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும். அந்த வாரம் ஹில்பை அவளை அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவான். கடைசிமுறை அந்தப் பகுதி வந்தபோது அவள் அப்பா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. போக வீடில்லை. துக்கத்துக்குக் கிழித்த மேலாடையோடு திம்னா பெண்களுடன் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வரி வாசிக்கப்பட்டது. ஹில்பை பேசவில்லை. வாசித்தவர் மறுபடி வாசித்தார். ஹில்பை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

முன்னோர்களின் வெட்கக்கேடு வருகிற சில இடங்களை வாசிப்போம், பெயர்த்துச் சொல்லமாட்டோம். அதனால் அவன் நிறுத்தியதும் இது யாருடைய வெட்கம் என்று எல்லோரும் தேடினோம். தலைகள் பெண்கள் பக்கம் திரும்பின. யோகானா திரும்பினாள். நானும் திரும்பினேன்.

மாலையில் திம்னா பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் யோகானாவுக்குக் கேட்டது.

"சொல்லியிருக்கலாம்ல. சொல்லியிருந்தா அது ஏசாவுக்குப் போயிருக்கும்."

ஹில்பை தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான்.

"உங்க மனசு தெரியும். ஆனா நீங்க வாயை மூடினதும் அது எனக்கு வந்திருச்சு."

அதன்பிறகு அவள் ஜெபக்கூடத்துக்கு வரவில்லை. அந்த வாரமே யோகானா கூழ் எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் நின்று, "திம்னா," என்று கூப்பிட்டாள். மூத்தவீட்டுக்காரி என்பதை விட்டு, பெயர் சொல்லி அவள் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. திம்னா வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.