ராத்தா துடைத்த சோலார் பெனல்

போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், சாய்ந்தமருதில் இருக்கும் என் ராத்தா வீட்டுக்குப் போனேன். ராத்தா குசினியில், சமையலில். அவருடைய மகள் றிப்கா மொட்டைமாடியில். வெயில் கொளுத்துகிறது. கையில் குடை இருக்கிறது. ஆனால் அவள் குடை பிடித்திருப்பது தனக்கல்ல... தரையில் கிடக்கும் ஒரு மீட்டருக்கு!

"வெயிலுக்க இலக்கம் விளங்குதில்ல சாச்சி" என்றாள். நான் ராத்தாவின் தங்கை, அவளுக்குச் சின்னம்மா.

றிப்கா பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிறாள், மூன்றாம் வருடம். ஆராய்ச்சி செய்ய ஆசை. விடுமுறையில் யாராவது ஆய்வுகூடத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பேராசிரியர்களுக்கு ஈமெயில் எழுதிக்கொண்டே இருந்தாள். எல்லாருக்கும் ஒரே கடிதம்தான், பெயர் மட்டும் மாறும். பெரும்பாலானோர் பதில் போடவில்லை. போட்ட ஒருவர், 'இதுவரை என்ன ஆராய்ச்சி செய்திருக்கிறீர்கள்?' என்று கேட்டிருந்தார். அதைச் செய்யத்தானே பிள்ளை இடம் கேட்கிறாள்?

பிறகு ஒரு நாள், கடிதம் எழுதுவதை விட்டுவிட்டு, ஒரு பேராசிரியையின் கட்டுரையை முழுவதுமாக வாசித்தாள். கடற்கரை ஊர்களில் சோலார் பெனல்மேல் உப்பும் தூசியும் படிவதால் மின்சாரம் எவ்வளவு குறைகிறது என்பதைப் பற்றியது. அதில் ஒரு விஷயம் விடுபட்டிருந்தது. அளந்த இடம் கடலில் இருந்து எவ்வளவு தூரம்? அதை மட்டும் கேட்டு நாலு வரி எழுதினாள்.

அன்று பின்னேரமே பதில். 'எழுதாமல் விட்டது என் பிழை. உங்கள் வீடு கடலுக்கு எவ்வளவு கிட்ட?'

அலைச் சத்தம் கேட்கும் தூரம் என்று எழுதினாள். அப்படியானால் நீங்களே அளந்து பாருங்கள் என்றுவிட்டார்.

வேலை இதுதான். இரண்டு சின்னப் பெனல். ஒன்றைத் தினமும் துடைக்க வேண்டும். மற்றதைத் தொடவே கூடாது. தினமும் நடுப்பகலில் இரண்டையும் அளக்க வேண்டும் — முப்பது நாள், இடைவெளி இல்லாமல். ஒழுங்காக முடித்தால் அடுத்த விடுமுறைக்கு ஆய்வுகூடத்தில் இடம் தருவதைப் பற்றி யோசிக்கலாம் என்றிருந்தார் பேராசிரியை.

நான் போன அன்று பத்தொன்பதாம் நாள்.

மீட்டருக்குக் குனிந்தவள் நிமிரவே இல்லை. இரண்டு பெனலும் ஒரே இலக்கம் காட்டின. இரண்டும் பளபளவென்று இருந்தன.

"உம்மா! இந்தப் பெனலத் துடைச்சீங்களா?"

ராத்தா படியேறி வந்தார். "ஓம் புள்ள. காலையில உடுப்புக் காயப்போட வந்தன். ஒண்டத் துடைச்சுப்போட்டு மத்தத மறந்துபோனாய் எண்டு நெனச்சன்..."

றிப்கா அப்படியே குந்திவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. விடுமுறை முடிய இரண்டு கிழமைதான் இருக்கிறது. திரும்பத் தொடங்கினால் எங்கே முப்பது நாள்?

ராத்தா என் பக்கம் திரும்பினார். "அழுக்கத்தானே துடைச்சன்? நகையயா தொலைச்சன்?"

நான் ஆறுதல் சொல்லப்போனேன். "பதினெட்டு நாள் அளவு கையில இருக்குதானே. கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சி வந்திருக்கு. மிச்ச நாளுக்கும் அதே மாதிரிக் குறைச்சு எழுதிடு. ஆருக்குத் தெரியப்போகுது?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமில்லை, ஆச்சரியம்தான்.

"அப்ப நான் எதுக்குச் சாச்சி அளக்கணும்? முதல் நாளே எல்லாத்தையும் எழுதியிருக்கலாமே."

சாப்பாட்டைச் சாட்டாக வைத்துக் கீழே இறங்கிவிட்டேன்.

பின்னேரம் அவள் பேராசிரியைக்கு நடந்ததை அப்படியே எழுதினாள். உம்மா துடைத்துவிட்டார், இப்போது இரண்டு பெனலும் ஒரே இலக்கம் காட்டுகின்றன, முப்பது நாள் முடிக்க இயலாது, மன்னிக்கவும். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் பதில் வந்ததாம். பதினெட்டு நாள் அளவையும், துடைத்த அன்றைய அளவையும் அனுப்பச் சொல்லியிருந்தார். அடுத்த விடுமுறைக்கு ஆய்வுகூடத்தில் ஒரு மேசை தயாராக இருக்கும் என்றும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: 'ஒரே துடைப்பில் இழந்தது முழுவதும் திரும்பி வந்திருக்கிறதே! உம்மா எதனால் துடைத்தார்?'

றிப்கா கொப்பியும் பேனையுமாகக் குசினிக்குப் போயிருக்கிறாள். என்ன துணி, ஈரமா காய்ந்ததா, எத்தனை தரம்? ராத்தாவுக்கு ஏதோ விசாரணை என்று பயம். "வாப்பாட பழைய சாரன்தான். நனைச்சுப் புழிஞ்சி ரெண்டு தரம் துடைச்சன், அவ்வளவுதான்" என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்.

ஆராய்ச்சி வாய்ப்பு என்றால் நம் பிள்ளைகள் கொழும்பையும் வெளிநாட்டையும்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஆனால் ஒருவர் எழுதியதைக் கடைசி வரி வரை வாசித்துவிட்டு ஒரு நேர்மையான கேள்வி கேட்டால், பெரிய மனிதர்களும் பதில் எழுதுகிறார்கள் போலிருக்கிறது.

நேற்று மறுபடி போயிருந்தேன். றிப்கா அறிக்கையை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். 'பத்தொன்பதாம் நாள் காலை, வீட்டார் ஒருவர் ஈரத்துணியால் பெனலைத் துடைத்துவிட்டார்' என்று ஒரு இடத்தில் வந்தது.

"வீட்டார் ஒருவர் எண்டா? என்ட பேரப் போடேலாதா?" என்றார் ராத்தா.

நல்லவேளை, நான் சொன்ன யோசனையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.