பாகூர் சோயா வயலில் வரிசை மாறிய செடிகள்

பாகூர் சோயா வயலைக் கெடுத்தது அங்கே களை எடுக்க வந்த பெண்கள் இல்லை. சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்திருந்த நாங்கள்தான் கெடுத்தோம். எங்கள் ஆய்வகத்தில் வேறு யாரும் இதைச் சொல்லப்போவதில்லை என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் மாதம், ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன். நான் முனைவர் பட்ட மாணவி. சோயாவை அரைத்தால் ஒரு பச்சை வாடை அடிக்கும், தெரியும்தானே? சோயா பாலைப் பலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பது அதனால்தான். அந்த வாடைக்குக் காரணம் விதைக்குள் இருக்கும் மூன்று நொதிகள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று மரபணுக்கள் ஆளுக்கொரு நொதியைச் செய்கின்றன. எதற்கு என்ன வேலை என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு ரகத்திலும் ஒரு மரபணு வேலை செய்யாத செடிகளை வளர்த்துச் சாதாரணச் செடியோடு ஒப்பிடுகிறோம். நொதி போனால் வாடை போகும். ஆனால் பூச்சியைத் தாங்கும் சக்தியும் கூடவே போய்விட்டால்? விவசாயிக்கு அந்த ரகத்தால் ஒரு பயனும் இல்லை. இதைக் கண்ணாடிக் கூண்டில் வைத்துப் பார்க்க முடியாது, வயல் வேண்டும். அதற்காகத்தான் பாகூர் பக்கம் சம்பா அறுத்த நிலத்தில் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, நாற்பது வரிசை விதைத்திருந்தோம்.

வயலிலிருந்து வரவழைத்த இலைகளைச் சோதித்த முடிவு அந்த வாரம்தான் வந்தது. ஒரே ரகம் மட்டும் இருக்க வேண்டிய வரிசைகளில் வேறு ரகம் தலை காட்டியது. என் வழிகாட்டியான பேராசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: “கலந்துபோச்சு, சனிக்கிழமை டிராக்டர் விட்டு உழுதுடச் சொல்லு.” உழுதால் என் ஒரு வருட வேலை மண்ணுக்குள் போகும். டிசம்பரில் என் உதவித்தொகை முடிகிறது, இன்னொரு போகம் அடுத்த சம்பா அறுத்த பிறகுதான். அதற்குள் ஒரு முறை நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

கிளாம்பாக்கத்தில் காலை 5.10க்குப் பேருந்து. புதுச்சேரி வரை 160 ரூபாய். வார இறுதி இல்லாத நாளிலும் பாதி வண்டி பாட்டிலுக்காகப் போகிற கூட்டம்தான். திண்டிவனம் வரை எந்தக் கடையில் எது மலிவு என்ற ஆராய்ச்சி நடந்தது. என் ஆராய்ச்சியைவிட அதில் தரவுகள் துல்லியமாக இருந்தன. 8.25க்கு புதுச்சேரி. நிலையத்துக்கு வெளியே நாலு இட்லி, 40 ரூபாய். அங்கிருந்து கடலூர் வண்டியில் கன்னியக்கோயில், சுமார் 18 கிலோமீட்டர், 20 ரூபாய், 50 நிமிடம். பாகூருக்கு நேர் பேருந்து இருக்கிறது. ஆனால் நான் நின்ற அரைமணி நேரத்தில் வரவில்லை. கன்னியக்கோயிலிலிருந்து ஷேர் ஆட்டோ, ஐந்து கிலோமீட்டருக்கு 20 ரூபாய்.

ஓட்டுநர் என் பையில் இருந்த கண்ணாடிக் குழாய்களைப் பார்த்துவிட்டு, “இன்னாமா, ஆஸ்பத்திரியா? பிள்ளையார்குப்பம் பின்னாலயே போச்சே” என்றார்.

“இல்லண்ணா, பாகூர்தான். சோயா வயலுக்கு.”

“சோயாவா? அது பாக்கெட்ல இல்ல வரும்!”

பின்னால் உட்கார்ந்திருந்தவர் விடவில்லை. “செடியிலதான்பா காய்க்குது. எங்க அண்ணி அங்கதான் களை எடுக்குது. நீ ஆட்டோவ ஓட்டு.”

10.15க்கு வயலை அடைந்தேன். காய்கள் முற்றி மஞ்சள் தட்டத் தொடங்கியிருந்தன. இந்த நாற்பது வரிசையை அதற்கு முன் நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன், விதைத்த அன்று. வயலை மேற்பார்வை பார்க்கிற சேகர், நிலக்காரரின் அண்ணன் மகன், வரப்பிலேயே காத்திருந்தார்.

“டிராக்டருக்குச் சொல்லிட்டேன் மேடம். எல்லாம் இந்த ஸ்டெல்லா பண்ண வேலை. ஏய் ஸ்டெல்லா, இங்க வாடி!”

ஸ்டெல்லா அக்காவுக்கு சேகரைவிடப் பத்து வயதாவது அதிகம் இருக்கும். நிலம் இருப்பவன் வயதில் மூத்தவளை ‘டி’ போடுவதும், அதைக் கேட்டு ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்காததும் இந்தப் பச்சை வயல்களின் இன்னொரு முகம். பயணக் கட்டுரைகளில் இது வராது. பக்கத்துக் கத்தரி வயலிலிருந்து ஸ்டெல்லா அக்கா களைகொத்தோடு வந்தார்.

“நாந்தான் நட்டேன். இப்ப இன்னா?” என்றார் என்னைப் பார்த்து.

“எதுக்குக்கா நட்டீங்க?”

“எதுக்கா? பாதி விதைய புறா தின்னுட்டுப் போய்டுச்சு. வரிசை அங்கங்க பொக்கையா கெடந்துச்சு. பக்கத்து வரிசையில நெருக்கமா மொளைச்சு நிக்குது. நெல்லு நட்டா பொக்கை வுட்டுட்டு வூட்டுக்குப் போவமா? ‘கண்ண மூடிகினு வேலை பாத்தாளுவளா’ன்னு வயலுக்காரரு கேக்க மாட்டாரு?”

“வரிசைக்கு வரிசை மாத்தக்கூடாதுன்னு யாரும் சொல்லலையா?”

“வரிசைக்கு ஒரு நம்பர் எழுதி நட்டு வெச்சிருக்கீங்களே, அந்தக் குச்சியப் புடுங்காதன்னு சேகரு சொன்னாரு. புடுங்கல. வேற ஒரு வார்த்தை சொல்லல.”

சேகர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் மேலும் முழுத் தப்பில்லை. நாங்கள் அவருக்கு அனுப்பிய தாளில் இருந்ததே அந்த ஒரு வரிதான், அதுவும் ஆங்கிலத்தில். நெல் வயலில் பொக்கை விடாதவள்தான் நல்ல வேலைக்காரி. அந்த நல்ல வேலையை ஸ்டெல்லா அக்கா எங்கள் வயலிலும் செய்திருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

“எந்தச் செடியை எங்கேருந்து எடுத்து நட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன். பெரிய நம்பிக்கை இல்லாமல்தான்.

“ஞாபகம் எதுக்கு? வலக்கையில களைகொத்து இருக்கும். எடக்கைப் பக்கத்து வரிசையிலதான் புடுங்குவேன். அதுக்குன்னு வயலச் சுத்திகினா போவாங்க?”

ஒவ்வொரு வரிசையையும் கிழக்கு வரப்பில் தொடங்கி மேற்கே போயிருக்கிறார், அதனால் இடக்கைப் பக்கம் என்றால் எப்போதும் தெற்கு வரிசைதான். பொக்கை அதிகம் விழுந்த பன்னிரண்டு வரிசையும் அவர் பங்கு. மற்ற பெண்களின் வரிசைகளில் நன்றாக முளைத்திருந்ததால் அவர்கள் நிரப்பவே இல்லை. ஆக, நட்ட செடி எது என்று தெரிந்தால் அது எந்த ரகம் என்பதும் தெரிந்துவிடும். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. நட்ட செடியின் தண்டு அடியில் முட்டி மடக்கியதுபோல் வளைந்திருக்கும், காயும் பிந்தும். குனிந்த தலை நிமிராமல் இரண்டு மணி நேரம் நடந்தார். அவர் தொட்ட செடிக்கெல்லாம் நான் சிவப்பு நூல் கட்டினேன். நாற்பத்து மூன்று செடிகள்.

சொன்னதை அப்படியே நம்பினால் அது ஆய்வு இல்லை. விதையைக் கிள்ளி அரைத்து நீலச் சாயத்தில் போடும் சோதனை ஒன்று இருக்கிறது. நொதி இருந்தால் சில நிமிடங்களில் நீலம் வெளுக்கும். இல்லாவிட்டால் நீலம் அப்படியே நிற்கும். வரப்பில் குழாய்களை அடுக்கினேன். கத்தரி வயல் காலியாகிப் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். வரிசையின் சொந்தச் செடி வெளுத்தது. சிவப்பு நூல் கட்டிய செடி நீலமாகவே நின்றது.

“ஸ்டெல்லா, உன் செடி சாயம் போவலடி! நீ எடுத்த தீபாவளி சேலைய விட நல்ல சரக்கு!” என்றார் கௌரி என்ற பெண். வயலே சிரித்தது.

என்னிடம் இருந்த சாயத்தால் மூன்று நொதிகளில் இரண்டைத்தான் பார்க்க முடியும். முப்பத்தொரு செடிகளைப் பார்த்தேன். முப்பது அவர் சொன்னபடியே இருந்தன. ஒன்று தப்பு. “அத எவளோ குறுக்க பூந்து நட்டிருப்பா” என்றார். கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. மிச்சம் பன்னிரண்டின் விதைகளைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். இந்த வயல் எதற்கு என்று அவர்களிடம் சொன்னேன். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்டெல்லா அக்கா நீலம் வெளுக்காத செடியின் விதை ஒன்றை மென்று பார்த்து, “வாடையே இல்லையே!” என்றார். பிறகு, “புழு எல்லா வரிசையிலயும் ஒரே மாதிரிதான் தின்னுது. நான் பாத்த வரைக்கும் வித்தியாசம் இல்ல” என்றார். இதைத் தரவு என்று யாரும் ஏற்க மாட்டார்கள். ஆனாலும் நோட்டில் எழுதிக்கொண்டேன். இது உண்மையானால் வாடையில்லாத சோயா வயலிலும் நிற்கும்.

திரும்பும்போது சேகரே வண்டியில் வில்லியனூர் வரை கொண்டுவிட்டார். இறங்கும்போது, “அந்தத் தாளத் தமிழ்ல குடுங்க மேடம்” என்றார். அங்கிருந்து மதகடிப்பட்டு வழியாக விழுப்புரம் பேருந்து, 35 ரூபாய், ஒரு மணி நேரம், பிறகு ரயில். வெள்ளி மதியம் பன்னிரண்டு விதைகளின் முடிவும் வந்தது, எல்லாம் சரி. நூல் கட்டிய செடிகளைக் கணக்கிலிருந்து நீக்கினால் மிச்ச வயல் சுத்தம். டிராக்டர் வரவில்லை. அறுவடை அடுத்த வாரம்.

என்னைப் போல வயல் ஆய்வுக்குக் கிளம்புகிறவர்களுக்கு: கன்னியக்கோயிலுக்குப் பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், அப்புறம் ஷேர் ஆட்டோ நிரம்ப நேரமாகும். தொப்பி, மூன்று லிட்டர் தண்ணீர் அவசியம். வயலில் கழிப்பறை கிடையாது. அந்தப் பெண்கள் நாள் முழுக்க எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அப்போதாவது யோசியுங்கள். மூன்று நொதிகளுக்கும் உரிய சாயங்களை எடுத்துப் போங்கள். முக்கியமாக, விதைக்கிற அன்றே எல்லாரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். கணினியில் ஒரு மாதம் மண்டையை உடைத்தாலும் கிடைக்காத பதில், எந்தக் கையில் களைகொத்து இருக்கிறது என்று கேட்டால் கிடைத்துவிடலாம்.

வெள்ளிக்கிழமையே ஸ்டெல்லா அக்காவுக்கு போன் போட்டு, வயலை உழவில்லை என்றேன். “நல்லது” என்றார். கூடவே, “உங்க சார இங்க வரச் சொல்லு. அடுத்த போகம் விதைக்கறதுக்கு முன்னாடி. இது இன்னா, எத மாத்தக்கூடாதுன்னு வரப்புல நின்னு எங்க எல்லாராண்டயும் அவரே சொல்லட்டும். சேகராண்ட சொல்லி அனுப்புற வேலை வேணாம்” என்றார்.

அவர் சொன்னதை அன்றே சாருக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை மறுபடி அனுப்பினேன். இரண்டையும் பார்த்துவிட்டார். இந்த வலைப்பதிவையும் அவர் படிப்பார் என்று தெரியும்.

சார், எந்தத் தேதியில் பாகூருக்கு வருகிறீர்கள்? சொல்லுங்கள்.