ஏனக்கா எழுதிய தப்பான பதில்

சின்ன வயதில் வாயைத் திறந்தாலே "ஏன்?" என்றுதான் கேட்பாளாம். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. நாற்பத்தாறு வயதாகியும் அந்தச் செய்தித்தாள் அலுவலகத்தில் காவலாளி முதல் ஆசிரியர் வரை எல்லோருக்கும் அவள் ஏனக்காதான். ஆசிரியர் அவளைவிடப் பத்து வயது பெரியவர். அவருக்கும் அக்காதான்.

பிழை திருத்துவது அவள் வேலை. கூடவே, ஞாயிற்றுக்கிழமைத் தாளில் ஒரு மூலை அவளுடையது. வெங்காயம் நறுக்கினால் கண் ஏன் எரிகிறது, மூடின பிரிட்ஜ் கதவை உடனே திறந்தால் ஏன் மல்லுக்கு நிற்கிறது என்றெல்லாம் வாசகர்கள் எழுதிக் கேட்பார்கள். யாருக்கும் புரிகிற மாதிரி எட்டே வரியில் பதில் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தத் திங்கட்கிழமை காலை அவள் வீட்டுக் குளியலறையில் கேஸ் ஹீட்டர் மக்கர் பண்ணியது. மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றினார்.

"அக்கா, தீ என்ன கலர்ல எரியுது பாருங்க."

"மஞ்சளா."

"நீலமா எரியணும். புகைக்குழாய்ல குருவி கூடு கட்டியிருக்கு, காத்து பத்தல. நல்லவேளை, உங்க ஜன்னல் கண்ணாடி உடைஞ்சிருக்கு. அடைச்ச ரூமா இருந்தா விஷவாயு நிறைஞ்சிரும். வாசனையே வராது. முதல்ல தலைவலிக்கும். வெளிய வந்தா விட்டுரும். சரிதான்னு ஜனங்க அலட்சியமா இருப்பாங்க. ஒருநாள் உள்ள போனவங்க திரும்ப மாட்டாங்க."

முந்தின நாள் தாளில் ஏனக்கா பதில் எழுதிய கேள்வி கண்முன் வந்து நின்றது: 'குளித்துவிட்டு வந்தால் எனக்கும் அம்மாவுக்கும் தலை விண்விண் என்று தெறிக்கிறது. குளிருக்காகக் குளியலறை ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டியிருக்கிறோம், குளிர்காற்றும் காரணமில்லை. கொஞ்ச நேரம் மொட்டைமாடியில் நின்றால் சரியாகிறது. ஏன்?' வெந்நீரில் ரத்தக்குழாய்கள் விரியும், தலை கிறுகிறுக்கும், குளிக்குமுன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாள். தண்ணீர் எதில் சூடாகிறது என்று கேட்கத் தோன்றவே இல்லை.

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். கடிதக் கட்டைப் பிரித்துக் கொட்டித் தேடினாள். போன் நம்பர் இல்லை. விலாசம் மட்டும் இருந்தது.

"ஆம்புலன்ஸை இந்த விலாசத்துக்கு அனுப்பச் சொல்லுங்க," என்றாள் ஆசிரியரிடம்.

"என்னன்னு சொல்லி அனுப்புறது? தலைவலின்னா?"

"உயிர் போகுதுன்னு சொல்லுங்க!"

அவளும் ஒரு டாக்ஸி பிடித்தாள். ஒவ்வொரு சிக்னலிலும், இந்நேரம் யார் குளிக்கப் போவார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஏன் போக மாட்டார்கள் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

மூன்றாவது மாடி. மணி அடித்ததும் ஈரத்தலையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள்.

"நான் பேப்பர்லேர்ந்து வரேன்... தலைவலி கேட்டு எழுதினது..."

"ஏனக்காவா! நீங்க சொன்ன மாதிரியே தண்ணி குடிச்சிட்டுத்தான் குளிச்சேன். ஆனா இன்னைக்கு இன்னும் ஜாஸ்தியா..."

"அம்மா எங்க?"

"குளிக்கிறாங்க."

உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம். வாளி நிரம்பி வழிந்த தண்ணீர் கதவுக்கு அடியில் வந்துகொண்டிருந்தது. ஏனக்கா கதவைத் தட்டினாள், கத்தினாள். பதில் இல்லை. இருவரும் தோளால் இடித்தார்கள். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பிய்ந்தது. அம்மா முக்காலியில் சுவரோடு சாய்ந்திருந்தார், கண் பாதி மூடியிருந்தது. மேலே ஹீட்டரில் மஞ்சள் தீ. ஏனக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை அணைத்தாள். ஆளுக்கொரு கையாகப் பிடித்து அவரை பால்கனிக்கு இழுத்தார்கள்.

மகள் ஒரு துணியைப் போர்த்திவிட்டு "அம்மா, அம்மா" என்று கன்னத்தைத் தட்டினாள். அம்மாவிடமிருந்து ஒரு முனகல் வந்தது. ஆம்புலன்ஸ் சத்தம் கீழே கேட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வரலன்னா..." என்றாள்.

"பயப்பட ஒண்ணுமில்லன்னு எழுதினதே நான்தாம்மா. அதை நம்பித்தான் இன்னைக்கும் உள்ள போனீங்க."

மகளின் பிடி தளர்ந்தது.

மூன்றாம் நாள் அம்மா பேசினார். எனக்கு என்னதான் ஆச்சு என்று கேட்டார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏனக்காதான் சொன்னாள்: "நல்ல காத்து உக்கார வேண்டிய இடத்துல, ரத்தத்துல, இந்த வாயு முந்திப் போய் உக்காந்துக்கும்மா. லேசில எழுந்திருக்காது."

"பஸ்ல கர்ச்சீப் போட்டு இடம் பிடிக்கிற மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

அம்மா சிரித்தார். ஏனக்காவால் சிரிக்க முடியவில்லை.

மூலையில் இரண்டு வரித் திருத்தம் போதுமே என்றார் ஆசிரியர். அவள் விடவில்லை. முதல் பக்கத்தில், தன் தப்பையும் மஞ்சள் தீயையும் பெரிய எழுத்தில் போட வைத்தாள். அந்த வாரமே ஏழு வீடுகளில் அடைத்த குழாயைச் சுத்தம் செய்ததாக மெக்கானிக் சொன்னார்.

மூலையை அவள் விட்டுவிடவில்லை. ஆனால் பழைய வேகம் போய்விட்டது. கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிவது ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தார். சுலபமான கேள்வி. பேனாவை எடுத்தவள், மூடி வைத்துவிட்டு, அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தாள்.