கன்னியம்மா பேசிய நல்ல தமிழ்

மோகனப்ரியா ராயபுரத்தில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். சட்டம், அறவியல், மொழி, பழங்கால வரலாறு என்று தலையணை கனத்துக்குப் புத்தகம் போடுகிற இடம். பிறந்தது திருவொற்றியூர் மீனவர் குப்பத்தில். சின்ன வயசிலேயே அம்மா போய்விட, வளர்த்துப் படிக்கவைத்தது காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா கன்னியம்மாதான்.

அந்த வருஷம் பேச்சு வழக்கு அகராதி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. தொகுப்பாசிரியர் பேராசிரியர் ரோஸ்மேரி. கலீஜ், பேஜாரு, வூடு போன்ற சொற்களை எப்படிக் குறிப்பது என்று அவர் கேட்டபோது, "இழிவழக்குன்னு போட்டுடலாம் மேடம்" என்று யோசிக்காமல் சொன்னவள் மோகனப்ரியா. அப்படியே அச்சுக்கோத்தும் ஆயிற்று.

பிறகொரு நாள் ரோஸ்மேரி, "இந்தப் பேச்சை வாய் நிறையப் பேசுறவங்க யாராவது தெரியுமா? பதிவு பண்ணணும்" என்றார்.

"எங்க அக்கா இருக்காங்க." அதைச் சொல்வதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. சொல்லிவிட்டோமே என்று உள்ளுக்குள் தன்னையே மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

கன்னியம்மா பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூவோடு வந்தாள். மார்க்கெட்டில் பொழுது எப்படிப் போகும் என்று ரோஸ்மேரி கேட்டார். கன்னியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"காலையில் நான் சந்தைக்குச் செல்வேன். அங்கு படகுகள் வந்திருக்கும். மீன்களை வாங்கி விற்பனை செய்வேன்."

பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"அக்கா, நம்ம வூட்ல பேசுற மாதிரி பேசுக்கா" என்றாள் மோகனப்ரியா.

"நான் நன்றாகத்தான் பேசுகிறேன் பிரியா." மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்தது. ரோஸ்மேரி மெல்லப் பதிவை நிறுத்திவிட்டு டீ வரவழைத்தார்.

பஸ் ஸ்டாப்பில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "கரீட்டா பேசினேனாடி? டிவி நியூஸ் பாத்துப் பாத்து சொல்லிகினு இருந்தேன். உன் ஆபீஸ்ல உன் மானத்த வாங்கிடுவேனோன்னு ஒரே பேஜாரா பூட்ச்சு."

மோகனப்ரியாவால் அக்காவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தன் கல்யாணத்தன்று மண்டபத்தில், மாப்பிள்ளை வீட்டார் எதிரில், 'நீ வாயத் தொறக்காதக்கா, சிரிக்கிறாங்க' என்று அக்காவின் காதில் சொன்னது அவள்தான். போனில் 'இன்னா இல்லக்கா, என்ன' என்று திருத்தித் திருத்தியே அக்காவின் பேச்சைக் குறைத்ததும் அவள்தான்.

"என்ன மன்னிச்சிடுக்கா."

"இன்னாத்துக்குடி?" கன்னியம்மாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் மோகனப்ரியா ரோஸ்மேரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடிந்துகொள்ளவில்லை. மெய்ப்பை வாங்கி, 'இழிவழக்கு' என்றிருந்த இடமெல்லாம் அடித்து 'வடசென்னை வழக்கு' என்று எழுதினார். "நானே மார்க்கெட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன்" என்றார்.

மோகனப்ரியாவும் கூடப் போவதாக இருந்தாள். போனில் அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நீ வராத பிரியா. நீ பக்கத்துல இருந்தா எனக்குப் பேச்சே வர்ல."

ரோஸ்மேரி மார்க்கெட்டில் எடுத்துவந்த பதிவை மோகனப்ரியா ஆபீஸில் ஹெட்போன் மாட்டிக் கேட்டாள். பேரம் பேசிய எவனையோ அக்கா வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள், நடுநடுவே ஒரு பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. பக்கத்து மேசைக்காரர் அவள் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையைக் குனிந்துகொண்டாள்.