அய்யாக்கண்ணு மச்சானின் போன் நம்பர்

“புதுக் கம்பெனியில கரண்டு போனா போனும் சேந்து போயிருமாம். அதையும் கேட்டுட்டேன்லா,” என்றார் அய்யாக்கண்ணு மச்சான்.

யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. நான் அவர் வீட்டில் உட்கார்ந்து, என் ஹேன்போனில் என் பேத்தி குளிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. கூச்சிங்கில் என் மகள் மோகனா வீட்டில் இருக்கிறாள். பத்தியம் பார்க்க என் மனைவி லோகேஸ்வரி அங்கே போய்விட்டாள். தினமும் காலை எட்டரைக்கு லோகா காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றுவாள். என்ன அழகு தெரியுமா! முதுகெல்லாம் பூனை முடி. கன்னம் இரண்டும் ஆவியில் வெந்த இரண்டு பாவ் மாதிரி.

அன்றைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது படம் நின்றுவிட்டது. பிள்ளையின் வாய் திறந்தது திறந்தபடி. அழுகிறாளா, கொட்டாவி விடுகிறாளா, ஒன்றும் தெரியவில்லை.

“மச்சான், இந்தக் கம்பெனிய மாத்தித் தொலைங்களேன்.”

“அதத்தான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்.”

“மூனு வாரமா யோசிக்கிறீங்க.”

“வீட்டு லைனு மாப்ளே. சட்டையா, ஒடனே கழட்டி மாட்ட?”

மச்சான் என் அக்கா வள்ளியம்மாவின் புருஷன். ஜாலான் பேராக் பக்கம் ஒரு பிளாட்டில், ஒன்பதாவது மாடியில், எங்களுக்கு எதிரெதிர் வீடு. என் வீட்டில் இன்டர்நெட் லைன் கிடையாது. ஹேன்போன் லைனும் எங்கள் மாடியில் சரியாக வராது. படிக்கட்டில் போய் நின்றால் கொஞ்சம் வரும். அதனால் மச்சான் வீட்டு வைஃபைதான் எனக்கும். போனும் இன்டர்நெட்டும் சேர்த்து மாதம் நூற்று முப்பத்தொன்பது வெள்ளி கட்டுகிறார். லிஃப்டில் ஒட்டியிருந்த நோட்டீஸில் வேறொரு கம்பெனி எண்பத்தொன்பது வெள்ளி என்று போட்டிருந்தது. வேகமும் அதிகமாம். ஐம்பது வெள்ளி மிச்சம். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே மாற்றியிருப்பார்கள். மச்சான் கோப்பிக் கடை முதலாளி தவுக்கேயைக் கேட்டார். லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவரைக் கேட்டார். கோயிலில் பிரசாதம் வாங்க நின்ற வரிசையில் முன்னால் ஒருவரையும் பின்னால் ஒருவரையும் கேட்டார். முடிவு மட்டும் வரவில்லை.

எல்லாம் அந்த நம்பருக்காகத்தான்.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. பட்டர்வொர்த் துறைமுகத்தில் முப்பது வருடம் சரக்கு இறக்கும் வின்ச் ஓட்டியவர். இன்றைக்கும் கப்பலில் இருந்து கரைக்குக் கத்துகிற குரல்தான். துறைமுகத்து ஆட்கள் சேர்ந்து ஆரம்பித்த மரண சகாயச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். மாதம் ஐந்து வெள்ளி சந்தா. வீட்டில் யாராவது தவறிவிட்டால் மச்சானுக்கு ஒரு போன் அடித்தால் போதும். வேன், கூடாரம், பெட்டி, சடங்கு செய்கிறவர், எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார். மற்ற உறுப்பினர்களுக்கும் அவரே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். மொத்தம் முன்னூற்றுப் பன்னிரண்டு குடும்பம். ஒவ்வொரு வீட்டிலும் சாமி மேடைப் பக்கம் ஒரு மஞ்சள் அட்டை செருகியிருக்கும். அதில் பெரிய எழுத்தில் ஒரே நம்பர்தான் இருக்கும், மச்சான் வீட்டு நம்பர். ஹேன்போன் நம்பரைக் கொடுக்கலாமே என்றால் கேட்கமாட்டார். பேட்டரி வீணாகும் என்று அவர் தன் ஹேன்போனை அடைத்தே வைத்திருக்கிறார்.

அவருடைய அம்மா தவறியபோது அவருக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் அப்பா இல்லை, போனும் இல்லை. சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டதாம். அதுவரை அம்மா பக்கத்தில் ஓர் ஆள்கூட இல்லாமல் கிடந்தாளாம். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சாவு விழுந்த வீட்டில் இருந்து மணி அடித்து, இந்தப் பக்கம் எடுக்க ஆள் இல்லாமல் போகக்கூடாது. அது அவருக்கு ஒரு வெறி. அதனால் அக்காவும் அவரும் சேர்ந்து எங்கும் போனதே கிடையாது. மோகனா கல்யாணத்துக்குக்கூடக் காலையில் அக்கா வந்தாள், மத்தியானம் அவர் வந்தார்.

இருந்தாலும் என் பேத்தி வாயைத் திறந்தபடி நின்றால் எனக்கு எப்படி இருக்கும்? பொறுக்காமல், கீழே குடை போட்டு மேசை வைத்திருந்த அந்தப் புதுக் கம்பெனி ஆளை நானே மேலே அழைத்து வந்தேன். இக்மல் என்று பெயர். நல்ல மாதிரி. மலாயில் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னார்: பழைய நம்பரைக் கொண்டுவர முடியாது, புது நம்பர்தான் கிடைக்கும்.

மச்சான் பேனாவை மூடினார்.

“ஏங்க, வருஷத்துக்கு அறுநூறு வெள்ளி,” என்றாள் அக்கா. “அந்தக் காசுல நாம ரெண்டு பேரும் பிளேன் ஏறிப் போயி பிள்ளையப் பாத்துட்டு வரலாம்ல?”

“ரெண்டு பேருமா? போன யாரு எடுக்குறது?”

“நான் செத்தாலும் நீங்க போன் எடுத்துட்டுத்தான் என்னத் திரும்பிப் பாப்பீங்க.”

இக்மலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்து, ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டார். மச்சான் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

“சரி. ஒவ்வொருத்தருக்கா நானே கூப்பிட்டுப் புது நம்பரச் சொல்லிர்றேன். முன்னூத்துப் பன்னெண்டு வீடுதானே.”

புதன்கிழமை இரண்டு மணிக்கு ஆள் வந்து லைன் போடுவதாகப் பேச்சு. சாப்பாடு முடியட்டும் என்று மச்சான்தான் இரண்டு மணி கேட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். புதன் போனால் வியாழன் காலை பேத்தி பளிச்சென்று குளிப்பாள் என்று லோகாவுக்குச் சொல்லியும் விட்டேன்.

திங்கள் காலை எட்டரைக்கு மச்சான் போனை எடுத்தார். சரியாக எட்டரைக்கு. என் பேத்தி குளிக்கிற நேரம்.

முப்பது வருடமாக அவர் போனில் பேச ஆரம்பிப்பது ஒரே மாதிரிதான். “வணக்கம், அய்யாக்கண்ணு பேசுறேன்” என்பார். கொஞ்சம் நிறுத்துவார். பிறகு தவறியவரின் பெயரைச் சொல்வார். அன்றைக்கும் அப்படியே ஆரம்பித்தார்.

“வணக்கம், அய்யாக்கண்ணு பேசுறேன்.”

அந்தப் பக்கத்து அலறல் எனக்கே கேட்டது. “ஐயோ! யாரு?”

“யாரும் இல்லம்மா. சும்மாதான் கூப்பிட்டேன்.”

“நீங்க எதுக்கு சும்மா கூப்பிடப் போறீங்க? மறைக்காம சொல்லுங்கண்ணே, எங்க பெரியப்பாவா?”

“இல்லம்மா, நம்பரு மாறுது...”

“ஏங்க, இங்க ஓடி வாங்க! பெரியப்பா போயிட்டாராம்!”

அடுத்த வீட்டிலும் அதே கதை. அதற்கடுத்த வீட்டில் ஒரு பெண் பேசவே இல்லை, அழுகை மட்டும்தான். மச்சான் அவளைச் சமாதானப்படுத்தக் கத்தினார். அவர் கத்தக் கத்த அவள் இன்னும் அழுதாள். அதற்குள் கூச்சிங்கில் குளியல் முடிந்து, பிள்ளைக்குச் சாம்பிராணியும் காட்டிவிட்டார்கள். ஒரு சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

“மச்சான், மொதல்ல ‘யாரும் சாகல’ன்னு சொல்லிட்டு அப்பறம் பேரச் சொல்லுங்களேன்.”

“காலங்காத்தால எடுத்தவொடனே சாவுன்னா சொல்லச் சொல்ற? அறிவு இருக்கா ஒனக்கு?”

மத்தியானத்துக்குள் எழுபது வீடு ஆயிற்று. பாதிப் பேர் விஷயத்தைக் கேட்காமலே போனை வைத்துவிட்டார்கள். வைத்தவர்கள் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டார்கள். சொந்தக்காரர்கள் விவரம் கேட்க மச்சானைக் கூப்பிட்டார்கள். மச்சான் போனோ ஓயாமல் எங்கேஜ். ஒரு நாளும் அந்தப் போன் அவ்வளவு நேரம் எங்கேஜில் இருந்ததில்லை. அப்படியென்றால் சாவு மச்சான் வீட்டிலேயேதான் என்று ஜனங்களே முடிவு பண்ணிவிட்டார்கள்.

மூன்று மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். அக்கா போய்த் திறந்தாள். சுங்கை பாக்காப்பில் இருந்து சங்க உறுப்பினர் புவனேஸ்வரன் வந்து நின்றார். வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, கடல் பாலம் தாண்டி வந்திருக்கிறார். கையில் ஒரு பெரிய ரோஜா மாலை.

“யாருக்குப்பா மாலை?” என்றாள் அக்கா.

அந்த மனுஷன் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“ஒங்களுக்குத்தாங்க்கா.”

அக்கா மாலையைப் பார்த்தாள். திரும்பிப் போனும் கையுமாக இருந்த புருஷனைப் பார்த்தாள்.

“உள்ள வா. மாலைய அந்த மனுஷன் கழுத்துல போடு. இன்னைக்கு அவரு கதை முடியுது.”

அதற்குப் பிறகும் நான்கு பேர் வந்தார்கள். எல்லாருக்கும் அக்காவே கோப்பி போட்டுக் கொடுத்தாள். ‘செத்தவ கையால கோப்பி குடிங்க’ என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். மச்சான் ஒரு மூலையில் உட்கார்ந்து யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் சிரிப்பை அடக்கப் படிக்கட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.

வந்தவர்கள் போன பிறகுதான் மணி அடித்தது. ஆயர் ஈத்தாமில் இருக்கும் ஒரு வயதான அம்மா. வீட்டில் அவரும் படுத்த படுக்கையான புருஷனும் மட்டும்தான். காலையில் மச்சான் சொன்னதைப் பதறாமல் கேட்டவர் அநேகமாக அவர் ஒருவர்தான். குரல் எனக்கும் கேட்டது.

“தம்பி, அந்தப் புது நம்பரு எனக்கு வேணாம்யா. நான் படிக்காதவ. ஒன் நம்பர மட்டும் எம் மவன் உசுரோட இருந்தப்ப விரலுக்குப் பழக்கி விட்டான். எங்கெங்க அமுக்கணும்னு விரலுக்குத்தான் தெரியும். இவருக்கு ஒன்னு ஆச்சின்னா நான் யாரக் கூப்புடுவேன்?”

மச்சான் கையில் இருந்த உறுப்பினர் பட்டியலைக் கீழே வைத்தார்.

“பழைய நம்பரே இருக்கும்மா,” என்றார். “அதுக்கே அடிங்க. நான் எடுப்பேன்.”

போனை வைத்துவிட்டு, பட்டியலில் எழுபது பேர் பெயருக்கு நேரே போட்ட டிக் எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்தார். இப்போது அந்த எழுபது பேரையும் திரும்பக் கூப்பிட்டு, நம்பர் மாறவில்லை என்று சொல்ல வேண்டும். அக்கா போன் வயரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டாள். “நீங்க கூப்பிடாதீங்க. நான் கூப்பிடுறேன். நான் உசுரோட இருக்கேன்னும் அப்படியே சொல்லிர்றேன்.”

எனக்கு மனசு கேட்கவில்லை. சரி, நம்பர் நம்பராக இருக்கட்டும், பேத்தி வாயைத் திறந்தபடி நிற்பதற்கு நான் பழகிக்கொள்கிறேன் என்று அன்றைக்கு நினைத்தேன். மறுநாள் மச்சான் பழைய கம்பெனி கவுண்டருக்குப் போய் வந்தார். இன்டர்நெட்டை வெட்டிவிட்டு, வெறும் போனை மட்டும் வைத்துக்கொண்டாராம். இனி மாதம் முப்பத்தெட்டு வெள்ளிதானாம். மிச்சம் ஐம்பது இல்லை, நூறு என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

“அப்ப எம் பேத்தி, மச்சான்?”

“அதான் நாளைக்கு இக்மல் ஆளு அனுப்புறாரே. எதிர் வீட்டுல போடச் சொல்லிட்டேன்.”

எதிர் வீடு என் வீடு. புதன்கிழமை இரண்டு மணிக்கு இக்மலும் லைன் போடுகிறவரும் என் கதவைத் தட்டினார்கள். கூச்சிங்கில் இருந்து லோகா, “போட்டாச்சா, போட்டாச்சா” என்று அன்றைக்கு நான்கு தடவை கேட்டுவிட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு காசு கட்டாமல் இருந்தவன், இரண்டு வருடத்துக்கு மாதம் எண்பத்தொன்பது வெள்ளி கட்டப்போகிறேன்.

மறுநாள் எட்டரைக்கு மச்சான் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தார், மணி அடித்தால் கேட்கவேண்டும் அல்லவா. என் பேத்தி முகம் முழுதாகத் தெரிந்தது. கண் இமை ஒவ்வொன்றும் தெரிந்தது. அழுகைகூட நிற்காமல் வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மச்சான் என் தோளைத் தட்டினார்.

“பாத்தியா, எவ்ளோ தெளிவு! மூனு வாரத்துக்கு முன்னாலயே இத மாத்தியிருக்கணும் மாப்ளே. ஒனக்கு ஒரு முடிவெடுக்க எவ்ளோ நாளாவுது!”