பசை வாளியும் ரஞ்சி அன்ரியின்ரை ஸ்கூட்டியும்

செத்த ஆக்களைச் சுவரிலை ஒட்டுறதுதான் என்ரை தொழில்.

பயப்பிடாதேங்கோ, படத்தைத்தான். சந்தி மதிலிலை கறுப்புக் கரை போட்டு, மேலை 'கண்ணீர் அஞ்சலி' எண்டு எழுதி, கீழை ஒரு ஐயாவோ அம்மாவோ உங்களையே பாத்துக்கொண்டு நிக்கிறவை எல்லோ, அவையை அங்கை நிப்பாட்டுறது நானும் யோகன் அண்ணையும். ஏ.எல். படிப்பைப் பாதியிலை விட்டிட்டன். ஒரு வாங்கிலை ஒரு பாடம் முடியுமட்டும் இருந்தால் எனக்குக் கால் உளையும். "உவன் ஒண்டிலையும் ஒட்டமாட்டான்" எண்டு அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சா. அவவுக்குப் பதில் சொல்லத்தான் இந்த வேலைக்கு வந்தன்.

யோகன் அண்ணை இந்தத் தொழிலிலை பெரிய கை. அவர் ஒட்டின படம் ஒண்டு சரிஞ்சு நிண்டு ஆரும் கண்டதில்லை. மேசன் வந்து தூக்குக்குண்டு பிடிச்சுப் பாக்கலாம். ஆனால் அதுக்கு ஒரு பழக்கம் வைச்சிருக்கிறார். ஒட்டி முடிச்ச உடனை, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பின்னாலை பின்னாலை நடந்து போய் நேரா நிக்குதோ எண்டு பாப்பார். அவரைப் பாத்து எனக்கும் அது தொத்திப்போச்சு. எங்கடை ஊரிலை மதிலுக்குப் பின்னாலை போனால் வளவு. மதிலுக்கு முன்னாலை நிண்டு பின்னாலை போனால் றோட்டு. நடக்கிற ஆளுக்கெண்டு தனியா ஒரு கரை இஞ்சை இல்லை எண்டது, றோட்டாலை நடக்கிற என்ரை சக பாவியள் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உதை நான் எழுதுறது யோகன் அண்ணையின்ரை மண்டைக்காகத்தான். அது தப்பினதோ இல்லையோ எண்டது கடைசியிலை வரும். அதுக்கு முதல் என்ரை கையிலை இருந்து தொடங்கோணும்.

முதல் வேலை, எழும்பாதேங்கோ

சண்டிலிப்பாயிலை றோட்டு வளையிற முடக்கிலை ஒரு மதில். அண்டைக்கு ஒட்டினது புகையிலை வியாபாரம் செய்து ஓய்ஞ்ச ஒரு ஐயாவை. நல்ல மீசை. மீசையின்ரை ரெண்டு நுனியும் ஒரே உயரத்திலை நிக்குதோ எண்டு பாக்க, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னாலை போனன். மூடின கண்ணின்ரை பக்கத்தாலைதான் ஸ்கூட்டி வந்தது.

நான் ஒரு பக்கம், வாளி ஒரு பக்கம். வாளியிலை இருந்த பசையிலை பாதி என்ரை தலையிலை. விழுந்த உடனை எங்கடை ஆக்கள் பாக்கிறது கை கால் இருக்கோ எண்டில்லை, ஆரும் கண்டவையோ எண்டுதான். நானும் வெக்கத்திலை ஸ்பிரிங் மாதிரித் துள்ளி எழும்பினன். அது பெரிய பிழை. விழுந்தால் கொஞ்சம் கிடவுங்கோ. கழுத்து நோகுதோ, இடுப்பு நாரி நோகுதோ, கால் விரல் ஆடுதோ எண்டு ஆறுதலாப் பாருங்கோ. வாகனம் வாற இடமெண்டால் மட்டும் கரைக்கு வாங்கோ. வெக்கம் ஒரு பக்கமும் ஓடாது, பேந்தும் படலாம்.

ஸ்கூட்டியிலை வந்தது ரஞ்சி அன்ரி. சேர்ச்சிலை கொயர் பாடுறவ, மைக் இல்லாமல் கடைசி வாங்கு வரைக்கும் கேக்கிற குரல். என்ரை தலையாலை வெள்ளையா வழியிறதைப் பாத்திட்டு, ரெண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினா. "கர்த்தரே, பெடியன்ரை மூளை வெளியாலை வந்திட்டுது!"

யோகன் அண்ணை ஆறுதலா வந்து விரலாலை தொட்டுப் பாத்தார். "அன்ரி, அது பசை. உவன்ரை தலைக்குள்ளை அவ்வளவு இல்லை."

ஆற்றை மோன்?

உடனை சனம் கூடிச்சுது. ஒருத்தர் என்ரை வாயிலை சோடாவைப் பருக்குறார். ஒருத்தர் அதே சோடாவைத் தலையிலை ஊத்துறார், பசையும் சோடாவும் சேர்ந்து பொங்குது. ரெண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடிச்சு இழுக்கினம். வலது கையை இழுத்தவர் இழுக்க, எனக்கு நட்சத்திரம் தெரிஞ்சுது. ஆரும் ஸ்கூட்டியின்ரை நம்பரை எழுதேல்லை, படம் எடுக்கேல்லை. நீங்கள் கதைக்கக்கூடிய நிலையிலை இருந்தால் செய்யவேண்டியது உதுதான்: நிக்கிற சனத்திலை ஃபோனோடை நிக்கிற ஒருத்தரைக் காட்டி, "அண்ணை நீங்கள், வாகனத்தை நம்பரோடை படம் எடுங்கோ" எண்டு சொல்லோணும். பொதுவா "ஆராவது எடுங்கோ" எண்டால் எல்லாரும் உங்கடை முகத்தைத்தான் எடுப்பினம்.

ஆனால் எங்கடை இடத்திலை அதுக்கு முதல் ஒரு விசாரணை இருக்கு. வெத்திலை போட்ட ஒரு ஐயா எனக்குப் பக்கத்திலை குந்தி, என்ரை முழங்காலைப் பிடிச்சுக்கொண்டார்.

"தம்பி எந்த இடம்?"

"வட்டுக்கோட்டை."

"வட்டுக்கோட்டையிலை எவடம்?"

"கோயிலடி. ஐயா, கை நோகுது."

"கோயிலடியிலை ஆற்றை மோன்?"

அப்பாவின்ரை பேரைச் சொன்னன். அப்பப்பாவின்ரை பேரைச் சொன்னன். சித்தப்பா டென்மார்க்கிலை என்ன செய்யிறார் எண்டும் சொன்னன். எழும்பப் பாத்தன், ஐயா விடேல்லை.

"காலை ஆட்டாதையும் தம்பி, அம்மாவின்ரை பக்கம் இன்னும் பிடிபடேல்லை."

இடிபட்டவன் ஓட, இடிச்சவ கலைக்க

உலகத்திலை எங்கையும் இடிச்ச ஆள்தான் ஓடுறது. சண்டிலிப்பாயிலை மாறி நடந்தது. ரஞ்சி அன்ரி ஒரே பிடி. "ஆஸ்பத்திரிக்கு வாரும், பேந்து பொலிசுக்குப் போவம். நான்தான் இடிச்சனான், நானே சொல்லுறன்." சனமோ, "சின்ன விசயத்துக்கு ஏன் பொலிஸ், சமாதானமாப் போங்கோ" எண்டுது. யோகன் அண்ணை மற்றப் பக்கத்துச் சந்தியளுக்கு வெளிக்கிட்டிட்டார். எனக்கு இன்னும் மானிப்பாய் வரைக்கும் ஒட்டக் கிடக்கு, பின்னேரம் ஐயாவைச் சுடலைக்கு எடுக்கப்போயினம். கை கொஞ்சம் வீங்கினதுதானே எண்டு, வாளியையும் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்குள்ளாலை வெளிக்கிட்டிட்டன். இடிபட்ட உடனை உடம்பு பொய் சொல்லும், சக பாவியளே. சூடு ஆறுமட்டும் ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லும். நம்பாதேங்கோ.

அடுத்த மதிலடியிலை நான் நிக்க, ஸ்கூட்டி வந்து நிண்டுது. அதுக்கடுத்த மதிலிலையும் அதுதான். நான் ஒட்ட ஒட்ட, அன்ரி கோன் அடிச்சுக்கொண்டு பின்னாலை வாறா. செத்தவீட்டுப் போஸ்டருக்குப் பைலட் வாகனம் வைச்சு ஒட்டினது நான் ஒருத்தன்தான். அதுக்குள்ளை மீசை ஐயாவின்ரை மூத்த மகன் லண்டனிலை இருந்து வீடியோ கோல். ஒட்டின ஒவ்வொரு இடமும் அவருக்குக் காட்டோணும், அதுதான் ஓடர். வலக்கை தூக்க ஏலாமல் இடக்கையாலை ஒட்டினதைக் காட்டினன்.

"தம்பி, அப்பா ஏன் சரிஞ்சு நிக்கிறார்?"

"அண்ணை, என்னை இப்ப ஒரு ஸ்கூட்டி இடிச்சுப்போட்டுது."

பாவம், தகப்பனைப் பறிகுடுத்த மனுசன், ஆறுதலாத்தான் சொன்னார்.

"அதைப் பேந்து கதைப்பம் தம்பி, முதல் அப்பாவை நிமித்தும்."

குற்றவாளியும் அவ, சாட்சியும் அவ

கடைசியிலை வாளியைத் தூக்கக் கையிலை பலமில்லை. ஸ்கூட்டியிலை பின்னாலை ஏறிட்டன். என்னை இடிச்ச வாகனத்திலையே என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை எண்டு பெருமையாச் சொல்லலாம். டொக்டர் கேட்டவுடனை நான், "சும்மா விழுந்தனான்" எண்டு தொடங்கினன். அன்ரி விட்டால்தானே. எந்தப் பக்கத்தாலை வந்தவ, எப்பிடி இடிச்சவ, நான் எந்தத் தோளிலை விழுந்தனான், தலை அடிபட்டதோ இல்லையோ, எல்லாம் சொன்னா, வரிசையிலை நிண்ட அவ்வளவு பேருக்கும் கேட்டுது. அதுதான் சரி. வாகனம் இடிச்சது எண்டு சொன்னால்தான் டொக்டர் மற்ற இடங்களையும் பாப்பார், பொலிசிலையும் முறைப்பாடு பதியலாம், நாளைக்கு ஒரு கதை வந்தால் கையிலை ஆதாரம் இருக்கும். எக்ஸ்றே படம் எடுத்துப் பாத்தால் வலது மணிக்கட்டு வெடிச்சிருக்கு. மாக்கட்டுப் போட்டாச்சு.

பொலிஸ்காரர் எழுத வந்தார். அவருக்கும் அன்ரிதான் கதைச்சா. முடக்கு, வேகம், தன்ரை பிழை, என்ரை பிழை, மதிலிலை நிண்ட ஐயாவின்ரை மீசை, ஒண்டும் விடேல்லை. அவர் பேனையை வைச்சிட்டு நிமிந்தார்.

"அம்மா, நீங்கள் இடிச்ச ஆளோ, கண்ட சாட்சியோ?"

"ரெண்டும் நான்தான். வடிவா எழுதுங்கோ."

சோடா வாங்கித் தந்த பெடியன்

மாக்கட்டோடை நான், எங்களுக்குப் போஸ்டர் அடிச்சுத் தாற அச்சகத்து வாங்கிலை குந்தியிருந்த காலம் அது. ஒட்டுறது முழுக்க யோகன் அண்ணை தனிய. ஒருநாள் மத்தியானம் வட்டுக்கோட்டைப் பக்கம் போய், சட்டை முழுக்க மண்ணோடை சிரிச்சுக்கொண்டு வந்தார். பின்னாலை போய் நேர் பாக்கேக்கை ஒரு மோட்டச் சைக்கிள் தட்டிப்போட்டுதாம். மதகிலை தலை அடிபட்டதாம். உச்சியிலை தேசிக்காய் அளவிலை ஒரு வீக்கம்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம் அண்ணை" எண்டன்.

"விசரோ உனக்கு? போனால் மறிச்சு வைச்சிடுவாங்கள். வாற வெள்ளி மகளின்ரை சாமத்தியவீடு. தகப்பன் இல்லாமல் வீடியோ எடுக்கிறதோ?"

அவருக்கு ஒரே மகள், புதுசாப் பெரிய பிள்ளையானவள். மண்டபம் பிடிச்சு, வீடியோக்காரனுக்கும் சொல்லி, அவளின்ரை ஆளுயரப் படம் ஒண்டை எங்கடை அச்சகத்திலையே அடிச்சு வைச்சிருந்தார். சுவரிலை அவர் ஒட்டப்போற, உயிரோடை இருக்கிற முதல் ஆள் அவள்தான்.

"சரி, இடிச்சவன் ஆர்? நம்பர் எடுத்தனீங்களோ?"

யோகன் அண்ணை என்னை ஒரு மனுசத்தன்மை இல்லாதவனைப் பாக்கிற மாதிரிப் பாத்தார்.

"டேய், கையைப் பிடிச்சுத் தூக்கி, சோடாவும் வாங்கித் தந்த பெடியனிட்டை நம்பர் கேக்கிறதோ?"

இடக்கை

கொஞ்ச நேரத்தாலை அவர் வாங்கிலை சாய்ஞ்சார். வெயில் எண்டார். பேந்து வெளியாலை போய்ச் சத்தியெடுத்தார். அதுவும் வெயில் எண்டார். அடுத்த போஸ்டரைக் கையிலை குடுத்தன், தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு, "ஆரடா இவர், தெரிஞ்ச முகமா இருக்கு" எண்டார். எனக்கு மாக்கட்டுப் போட்ட அண்டைக்கு டொக்டர் சொன்னது அப்பிடியே: தலை அடிபட்ட ஆள் சத்தியெடுத்தால், நித்திரை தூங்கினால், கதை மாறினால், ஒரு நிமிசமும் பாத்துக்கொண்டு இருக்கக்கூடாது.

ரஞ்சி அன்ரிக்கு ஃபோன் எடுத்தன். சொல்லி முடியமுதல் வந்திட்டா, வரேக்கை ஒரு ஓட்டோவையும் மறிச்சுக்கொண்டு. கொயர் குரலிலை கத்தினா, கெஞ்சினா, செபம் பண்ணினா. அச்சக முதலாளி சம்பளத்தை நிப்பாட்டுவன் எண்டு வெருட்டினார். யோகன் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு, "வெள்ளி... வெள்ளி முடியட்டும்" எண்டு புறுபுறுக்கிறார். தூக்குவம் எண்டால் வாங்கின்ரை காலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு உதைக்கிறார்.

எனக்கு வேறை வழி தெரியேல்லை. அவற்றை காதடியிலை குனிஞ்சன்.

"சரி அண்ணை, வரவேண்டாம். ஆனால் ஒண்டு. உங்கடை போஸ்டரை ஒட்டப்போறது நான்தான். வலக்கை மாக்கட்டிலை. இடக்கையாலைதான் ஒட்டுவன். சண்டிலிப்பாய் ஐயா நிண்ட மாதிரித்தான் நீங்களும் நிப்பியள், சந்திக்குச் சந்தி, சரிஞ்சு. மகள் பள்ளிக்கூடம் போற வழியெல்லாம்."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். நேர் பாக்கிற அந்தக் கண். என்ரை இடக்கையைப் பாத்தார், பேந்து என்னைப் பாத்தார். வாங்கின்ரை காலை விட்டார்.

"ஓட்டோவைத் திருப்படா. உன்ரை இடக்கையிலை நான் சாகமாட்டன்."

சுவர்

தலைக்குள்ளை ரத்தம் கசிஞ்சு நிண்டது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்ன எண்டு டொக்டர் சொன்னார், அதை நான் இஞ்சை எழுதேல்லை. அண்டைக்கே ஒப்பறேஷன். சாமத்தியவீட்டைத் தள்ளிப் போட்டினம். பேந்து நடக்கேக்கை, மொட்டந்தலைக்குத் தொப்பியோடை யோகன் அண்ணைதான் வீடியோ முழுக்க. மகள் கரையிலை எங்கையோ நிக்கிறாள். அந்த நல்ல பெடியனை இண்டைக்கு வரைக்கும் ஆரும் கண்டுபிடிக்கேல்லை, சோடாப் போத்திலிலை நம்பர் இருக்காதே.

ஒப்பறேஷன் முடிஞ்சு யோகன் அண்ணை கண் முழிச்ச அண்டைக்கு நானும் அன்ரியும் கட்டிலடியிலை நிண்டம். நேர்ஸ் பிள்ளை, "ஐயா, உங்கடை பேர் என்ன? இது எந்த இடம்?" எண்டு கேக்கிறா. அன்ரி என்ரை நல்ல கையை இறுக்கிப் பிடிச்சா. யோகன் அண்ணை எங்களைத் தாண்டி, வாட்டுச் சுவரிலை ஒட்டியிருந்த நோட்டீஸையே பாத்துக்கொண்டிருந்தார். பேந்து ஆறுதலா ஒரு கண்ணை மூடினார்.

"ஆரடா உதை ஒட்டினது? வலப்பக்கம் இறங்கி நிக்குது."

ஆனபடியால் சக பாவியளே, இடிபட்டால் கிடவுங்கோ, நம்பரை எடுங்கோ, நோகாட்டிலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, ஏனெண்டால் யோகன் அண்ணை லீவிலை நிக்கிறார், இப்போதைக்கு ஒட்டுறது நான்தான்.