நோபல் பார்க் இளவரசி

ஒஸ்ரேலியாவில், எங்கள் நோபல் பார்க் தெருவில் ஒரு ராசா இருந்தார். டான்டினோங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவருடைய மகளுக்கு என் வயது. நான் பழகிய ஒரே இளவரசி அவள்தான்.

நான் கதை விடவில்லை. கதை விட்டவர் யாராவது இருந்தால் அது அவளுடைய அப்பாதான். நல்லூரிலிருந்து ஆண்ட அரசர்களின் வழியில் எஞ்சிய கிளை தங்களுடையது என்று யாரும் கேட்காமலே சொல்லுவார். என் அப்பாவுக்குச் சிரிப்பு அடங்காது. "யாழ்ப்பாணத்தில எந்தக் கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தாலும் ஒரு ராசவம்சம் தெரியும்" என்பார். ஆனால் அந்த மனுசன் வீட்டுக்கு வந்தால் முதல் ஆளாய்க் கதிரையை விட்டு எழும்புவதும் என் அப்பாதான்.

அந்தத் தெருவில் இருந்த தமிழர் எல்லாரும் அகதிகளாக வந்தவர்கள். அவர் மட்டும் அந்தச் சொல்லை வாசற்படி ஏறவிடவில்லை. "நாங்கள் அகதியள் இல்லை, தம்பி. நாடு திரும்பக் காத்திருக்கிற அரச குடும்பம்" என்று என் அப்பாவைத் திருத்துவார். குடும்பம் என்றால் இரண்டு பேர். அவளுடைய அம்மா சண்டைக்குள் அகப்பட்டுப் போய்விட்டா. இரண்டு அறை வாடகை வீட்டில் ஒரு ராசாவும் ஒரு இளவரசியும் புட்டு அவித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஞாயிறு காலையில் உடைந்த பிஸ்கட்டுகளை வாளி நிறையக் கொண்டுவந்து தெருப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். தொழிற்சாலையில் வேலையாட்களுக்குச் சும்மா கொடுப்பதுதான். ஆனால் அவர் அள்ளிக் கொடுக்கும் தோரணையில் எங்களுக்கு ஏதோ மானியம் கிடைப்பதுபோல இருக்கும்.

அவளை வளர்த்த விதம்தான் பெரிய கூத்து. முதுகு வளையக்கூடாது. தெருவில் நடந்துகொண்டு சாப்பிடக்கூடாது. வீட்டில் ஆங்கிலம் கூடாது. எல்லாவற்றிலும் கொடுமையானது, சனம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அரச குடும்பம் கை நனைக்கலாம் என்ற சட்டம். பிறந்தநாள் வீடுகளில் அவள் கையைக் கட்டிக்கொண்டு ஒரு ஓரமாய் நிற்பாள். அவளுடைய முறை வரும்போது மட்டன் ரோல்ஸ் தட்டில் தூள்தான் கிடக்கும். நான் இரண்டைச் சேர்வியட் கடதாசியில் சுற்றி ஒளித்து வைத்துவிட்டு, அவளைப் பாத்ரூமுக்குக் கூப்பிடுவேன். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, அப்போதும் முதுகை நிமிர்த்தியபடி சாப்பிடுவாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நோகும்.

பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் நாங்கள் குடியுரிமை எடுத்தோம். நகரசபை மண்டபம், மேயரின் தங்கச் சங்கிலி, சுவரில் மகாராணியின் படம், பிறகு தேநீர். தெருவில் மற்றவர்களும் ஒவ்வொருவராய் எடுத்தார்கள். ராசா எடுக்கவில்லை. "ஒரு முடி இன்னொரு முடிக்குச் சத்தியம் பண்ணாது" என்றார். உறுதிமொழியில் மகாராணியின் பெயரே வராது என்று என் அப்பா வாசித்துக் காட்டினார். "பேர் வராட்டி என்ன? படம் தொங்குதெல்லோ!" என்று ராசா எழும்பிப் போய்விட்டார்.

இதில் மாட்டுப்பட்டது அவள். அகதியாக வந்தவர்களுக்கு இங்கே கொடுக்கும் பயணப் பத்திரத்தில் உலகம் முழுக்கச் சுற்றலாம், விட்டு வந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. அங்கே போக ஒஸ்ரேலியக் கடவுச்சீட்டு வேண்டும். அவளுக்கோ அந்த மண்ணை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். சின்ன வயதில் விட்டு வந்ததால் அவளுக்கு எதுவுமே நினைவில் இல்லை. ஒரு அரசின் முழு வரலாறும் மனப்பாடம், ஆனால் அதன் ஒரு ஒழுங்கையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

பதினெட்டு முடிந்ததும் நான் அவளைப் பிடித்து உலுப்பினேன். "நீயே அப்ளை பண்ணலாம். அவற்ற சைன் தேவையில்லை."

அவள் ரயில் நிலைய வாங்குப் பலகையில் முதுகு சாயாமல் இருந்தாள். "அப்பாவுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே பிரசை நான்தான். நானும் விட்டிட்டுப் போனா அவர் ஆருக்கு ராசா?"

எனக்கு அந்த மனுசன் மேல் கோபம் கோபமாய் வந்தது. இப்போதும் வருகிறது.

நான் யூனிவர்சிற்றி முடித்து ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த வருடம் அவளுக்கு இரத்தப் புற்றுநோய் என்றார்கள். முடி கொட்டியது. முதுகு மட்டும் வளையவில்லை. வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போவேன். அவர் தொழிற்சாலைச் சீருடையோடு கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பார். ஒரு நாள் என் முன்னாலேயே அவள் கேட்டாள்.

"அப்பா, நான் ராணியாப் போகக் கேக்கேல்ல. ரூரிஸ்ற்றாச் சுத்திப் பாக்கப் போறன். ஒரு ஐஸ்கிறீம் குடிச்சிட்டு வாறன்."

"உமக்குச் சுகம் வரட்டும். காலம் வரும். உரிய மரியாதையோட போவம்" என்றார். மகளை "நீர்" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

"ஓம் அப்பா" என்றாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சுகமும் வரவில்லை. அடுத்த குளிர்காலத்தில் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் காரியத்தின்போது எல்லாரும் அவருக்குப் புத்தி சொன்னார்கள். சாம்பலை இங்கேயே கடலில் கரைக்கலாம், கடல் எல்லாம் ஒன்றுதான் என்றார் ஐயர். ராசா, ஊரில் கீரிமலைக் கடலில்தான் கரைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். என் மாமா மார்கழியில் ஊருக்குப் போக இருந்தார், தானே கொண்டுபோகிறேன் என்றார். "இளவரசியைப் பார்சலில அனுப்பேலாது" என்று பதில் வந்தது. எங்கள் ஆட்கள் சாம்பலை வீட்டுக்குள் எடுப்பதில்லை. அவர் எடுத்தார். அவளுடைய கட்டிலில், சலவை விரிப்பு மாற்றி மாற்றி வைத்திருந்தார்.

பிறகு ஒரு மாலை எங்கள் வீட்டு மணியை அடித்தார். உள்ளே வரவில்லை. "பிள்ளை, அந்த சிற்றிசன்ஷிப் அலுவல் எப்பிடிச் செய்யிறது?" என்று கேட்டார். நான் என்ன முகத்தோடு நின்றேன் என்று தெரியவில்லை. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விண்ணப்பித்து வருடம் தாண்டித்தான் அழைப்பு வந்தது. என் காரில்தான் கூட்டிப் போனேன். மண்டபத்தில் பிலிப்பினோக்கள், சூடானியர்கள், பஞ்சாபிகள், கைக்குழந்தைகள். சுவரில் இப்போது ராணி இல்லை, அவருடைய மகன், புது ராசா. எங்கள் ராசா அந்தப் படத்தை நேராக நிமிர்ந்து பார்த்தார். எழும்பிப் போய்விடுவாரோ என்று பயந்தேன். போகவில்லை. எல்லோரோடும் எழும்பி நின்று, உறுதிமொழியை ஒரு சொல்லும் விழுங்காமல் உரத்துச் சொன்னார்.

பெயரைக் கூப்பிட்டதும் மேடை ஏறினார். மேயர் கைகொடுத்து, குடும்பத்தில் யாரும் வரவில்லையா என்று அன்பாகக் கேட்டார்.

மகள் வீட்டில் காத்திருக்கிறாள், அவளை ஊருக்குக் கூட்டிப் போகத்தான் இதை எடுத்தேன் என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

மேயருக்குச் சந்தோசம். அவளுக்கும் எங்கள் வாழ்த்தைச் சொல்லுங்கள் என்றார்.

"சொல்லுறன்" என்றார் அவர், தமிழில்.